தேங்காய்க்கு எதிராக ஓர் ஊர்வலம்

என் வாழ்நாளில் நான் ஊர்வலம் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் என் நைனாவுக்கு, என்னைப் பெற்ற அப்பாவுக்கு, எதிராக. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தகராறு ஒரு தேங்காயைப் பற்றியது.

எழுபதுகளின் கடைசி. நான் சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சைன்ஸ் டீச்சர். நைனா மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் வாயைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே வீட்டில் நானும் நைனாவும்தான்.

நைனாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் பார்ப்பது. உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொள்வார். கண்ணை மூடி, உதட்டுக்குள் ஒரு ஜெபம் சொல்லியபடி காலி மனையில் மெதுவாக நடப்பார். பூமிக்கடியில் நீரோட்டம் இருக்கும் இடம் வந்ததும், படுத்திருந்த தேங்காய் கையிலேயே எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவார். இந்து வீடு, சாயபு வீடு, எங்கள் சபைக்காரர் வீடு என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். யாரிடமும் கை நீட்ட மாட்டார். ஆனால் நின்ற தேங்காயை அவரிடமே கொடுத்துவிடுவது வழக்கம். அதனால் கோடை முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னிதான். நான் பி.எஸ்ஸி. படித்ததே அந்தச் சட்னியைத் தின்றுதான்.

தேங்காய் தானாக நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? பிடித்திருப்பவரின் கை அவருக்கே தெரியாமல் அசையும், அவ்வளவுதான். நைனா பொய் சொல்கிறவர் இல்லை. அவர் கைதான் பொய் சொல்கிற கை. இதை வீட்டில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "செரிம்மா, இன்னும் ரெண்டு இட்லி வெச்சிக்கோ, சட்னி மிஞ்சுது" என்பார்.

அந்த வருடம் எங்கள் தெருவுக்கு ஒரு போர்வெல் போட உத்தரவானது. முந்தைய கோடையிலும் ஒன்று போட்டார்கள். நைனாதான் இடம் சொன்னார். லாரி வந்து நாள் முழுக்கக் குடைந்ததில் வந்தது வெள்ளைப் புழுதி மட்டும். தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் மாவு மில்லில் தொங்கவிட்டதுபோல் ஆயிற்று. பழையபடி இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தோடு வரிசையில் நின்றோம். இந்தத் தடவையும் புழுதி வந்தால் இந்தத் தெருவுக்கு இனிமேல் போர் கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அங்கே யாராவது இன்னமும் கோபித்துக்கொள்வார்கள்.

அந்த ஆபீசிலிருந்து ஒரு கிளார்க் வந்து, "காம்பவுண்டர்காரு, கொப்பரிகாய தீஸ்கோனி ரண்டி" என்று தெலுங்கில் நைனாவை மறுபடியும் தேங்காயோடு அழைத்துவிட்டுப் போனதும் எனக்கு வந்ததே கோபம்! செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சங்கத்துக்குப் போனேன்.

சங்கம் என்றால் ஊரிலுள்ள சைன்ஸ் டீச்சர்களும் காலேஜ் லெக்சரர்களும் சேர்ந்து வைத்திருந்தது. மாதம் ஒரு தடவை கூடி போண்டா தின்போம். சைன்ஸை வளர்ப்பதெல்லாம் போண்டாவுக்கு அப்புறம்தான். தலைவர் ஒரு பிசிக்ஸ் லெக்சரர், தெலுங்குக்காரர், சாது. நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த போண்டா அப்படியே நின்றது. அன்றே தீர்மானம் நிறைவேறியது. சர்க்கார் போர் போடும் இடத்தைத் தேங்காய் முடிவு செய்யக் கூடாது, ஜியாலஜிஸ்ட் முடிவு செய்ய வேண்டும். ஊர்வலமாகப் போய் ஆபீசரிடம் மனு கொடுப்பது. முன்னால் நடப்பது நான்.

"வெள்ளிக்கிழம ஒம்பது மணிக்குக் கெளம்பிடலாம் டீச்சர்காரு. பத்தரைக்குள்ள மனு அவர் கைக்குப் போயிடணும்" என்றார் தலைவர்.

"ஏன், பத்தரைக்கு ஆபீசர் கேம்ப் போறாரா?"

"இல்லம்மா, ராகு காலம் வந்துடும்."

நான் பார்த்த பார்வையில் அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு நம்பிக்க கெடையாதம்மா. மனுவுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னுதான்" என்றார்.

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் காலைக் காப்பியோடு மனுவையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார்.

"என் பேரு போட்டிருக்கியா?"

"இல்ல நைனா. 'சாஸ்திர ஆதாரமில்லாத முறைகள்'னு போட்டிருக்கு."

"அப்போ அதான் நானு" என்றார். மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எத்தினி பேரு வராங்கோ?"

"அறுபது பேராவது வருவாங்க."

"தண்ணிக்கு இன்னா ஏற்பாடு பண்ணிக்கிறீங்கோ? வெயில்ல போய்க்கினு இருந்தா பாதி பேரு மயக்கம் போட்டுடுவாங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீருக்காக நடத்தும் ஊர்வலத்தில் தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், "எல்லாம் சங்கம் பாத்துக்கும்" என்று எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அறுபது பேர் வரவில்லை, முப்பது பேர் வந்தார்கள். அதில் பாதி எங்கள் சபைப் பாடகர் குழுப் பெண்கள். எதற்கு ஊர்வலம் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் முன்னால் நடக்கிறேன் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஊர்வலம் குருத்தோலை ஞாயிறு ஒன்றுதான். அதனால் ஆளுக்கொரு ஓலையோடு வந்து நின்றார்கள். "ஐயோ அக்கா, இது அது இல்ல" என்றேன். "இருக்கட்டும்மா, கையி சும்மா கீது" என்றார் மூத்த அக்கா. காலேஜ் பையன்கள் அட்டைகளில் தேங்காய்ப் படம் வரைந்து அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தலைவர் தெலுங்கில் "சைன்ஸு!" என்று கத்தினால் நாங்கள் "வர்த்தில்லாலி!" என்று கத்த வேண்டும். வாழ்க என்று அர்த்தம். நாலைந்து வாழ்க-வுக்கு மேல் தொண்டை தாங்கவில்லை. கோஷம் ஓய்ந்த இடத்தில் அக்காமார் ஓலையை ஆட்டிக்கொண்டு கீர்த்தனை பாட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், அந்த ஊர்வலத்தில் தாளம் தப்பாமல் நடந்தது அந்த ஒரு விஷயம்.

கடைத்தெரு முனைக்கு வந்தபோது எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பெரிய பித்தளை அண்டாவோடு ஒருவர் நின்றிருந்தார். என் நைனா. அண்டா நிறைய நீர் மோர்.

"குடிச்சிட்டு நடங்கோ. ஆபீசு இன்னும் தூரம் கீது" என்று ஒவ்வொருவருக்காக ஊற்றினார். சைன்ஸ் வாழ்க என்று கத்தியவர்கள் எல்லாம் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை நீட்டினார்கள். எனக்கு ஊற்றும்போது மட்டும், "உப்பு போதுமாம்மா?" என்று கேட்டார். நான் குடித்து முடித்தேன். போதுமாகத்தான் இருந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் தானாக ஒரு கணக்குப் போட்டார். கை நிறையத் தேங்காய்ப் படம், நடுவில் தேங்காய் கம்பவுண்டர், வருகிற போகிறவனுக்கெல்லாம் மோர். அவரைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்தது. "ஆஹா, நம்ம காம்பவுண்டர் எலக்ஷன்ல நிக்கிறாரு! சின்னம் தேங்காவா? நம்ம கடை ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் சாமி!" என்று ஓடிவந்து, ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு தேங்காயை ஓங்கி உடைத்து, தட்டில் கற்பூரம் கொளுத்திக் காட்டினார். நான் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். தேங்காய் வேண்டாம் என்ற அட்டையை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குள் போய்ச் சேரவில்லை. சரியான ராகு காலத்தில்தான் மனுவைக் கொடுத்தோம்.

ஆபீசர் இளவயதுக்காரர். மனுவை மரியாதையாக வாங்கிப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தேங்காய் பார்த்துப் போட்டதில் எத்தனையில் தண்ணீர் வந்தது, எத்தனையில் வரவில்லை? கணக்கு இருக்கிறதா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சைன்ஸ் சங்கம் என்கிறீர்கள், கணக்கு இல்லாமல் வந்திருக்கிறீர்களே?" என்றார் ஆபீசர். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது. ஒரு வாரத்தில் கணக்கைக் கொண்டுவந்தால் ஜியாலஜிஸ்டை வைக்கலாம், இல்லாவிட்டால் வழக்கப்படி தேங்காய்தான் என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கணக்கு ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தது. என் வீட்டில், நைனாவின் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டிக்குள். கம்பவுண்டர் புத்தி அது. வாழ்நாள் முழுக்க எந்த மிக்ஸ்சரை யாருக்கு எத்தனை அவுன்ஸ் கொடுத்தோம் என்று எழுதிப் பழகியவர், தண்ணீர் பார்த்ததையும் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். கூப்பிட்டது யார், எந்த இடம், தேங்காய் நின்றதா, தண்ணீர் வந்ததா. நாலு கட்டம். எழுதி வைத்தாரே தவிர ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

அதை எப்படிக் கேட்பது? உன்னை ஊர் முன்னால் கவிழ்க்கப் போகிறேன், அதற்கு உன் நோட்டையே கொடு என்றா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்க்கப் பாத்திரம் தீர்ந்துபோனதும் கேட்டுவிட்டேன்.

நைனா பெட்டியை இழுத்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் படிக்கிறேன். நீ கோடு போடு" என்றார்.

அவர் படிக்க, நான் கோடு போட்டேன். தபால்காரர் வீடு, நின்றது, வந்தது. சாயபு தோட்டம், நின்றது, வரவில்லை. நகரியில் நெசவுக்காரர் வீடு, நின்றது, வரவில்லை. வந்ததெல்லாம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, யார் வீட்டில் எவ்வளவு ஆழத்தில் என்பதுவரை. வராததைப் படிக்கும்போதெல்லாம், "இதுவுமா?" என்று நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முடித்தபோது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்கால்வாசி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நோட்டைக் கையில் எடுத்தேன். "இரு" என்றார்.

"தேங்கா வெக்காமயே வெட்டினவன் எத்தினி பேருக்கு தண்ணி வந்துது? அத்த எண்ணினியா?"

ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் நான் நடத்தும் பாடம் அது. இரண்டு செடி வைத்து, ஒன்றுக்கு உரம் போட்டு, ஒன்றுக்குப் போடாமல் ஒப்பிட வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். எனக்குத் தோன்றவில்லை, சங்கத்தில் ஒரு போண்டாவுக்கும் தோன்றவில்லை. தேங்காய்க்காரருக்குத் தோன்றியது. வெட்கத்தில் என் காது சூடாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் நானும் நைனாவும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "தேங்காய் பார்க்காமல் கிணறு வெட்டினீர்களா?" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதாக இல்லை. கம்பவுண்டரே வாசலில் நிற்கும்போது, "உங்களக் கூப்புடாம வெட்டிட்டோம்" என்று எப்படிச் சொல்வார்கள்? ஒரு வீட்டு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார், "தப்புதான் ஐயா, அவரு அவசரப்பட்டுட்டாரு" என்று. நைனா தெரு முனையில் நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் கணக்குக் கிடைத்தது. அதுவும் பாதிக்குப் பாதிதான்.

"அப்போ தேங்கா சட்னிக்குத்தான்" என்றார் நைனா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

கணக்கைப் பார்த்து ஆபீசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திருப்பதியிலிருந்து ஜியாலஜிஸ்ட் வந்தார். ஜீப்பைவிட்டு இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மழமழவென்று மொட்டைத் தலை, அதில் சந்தனம். தண்ணீர் பார்க்கும் மிஷின் வாங்க சாங்ஷன் வந்தால் திருமலை அடிவாரம் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். மிஷினோடு சேர்த்து எங்களுக்கு லட்டும் கொண்டுவந்திருந்தார். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. நாலு இரும்புக் கம்பிகளைத் தெருவில் அடித்து, ஒயர் இழுத்து, பெட்டியில் முள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றி அடித்து, மத்தியானம் தாண்டியபிறகு ஒரு இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். தெருக் கோடியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.

மறுநாள் காலை போர் லாரி வந்தது. கூடவே தெரு மொத்தமும் வந்து வட்டத்தைச் சுற்றி நின்றுகொண்டது. "மொட்ட போட்டவரு கம்பிய நட்டு சொன்னா ஆச்சா? போன தபா புழுதியே போதும்பா. காம்பவுண்டர் ஐயா தேங்கா வெச்சி செரின்னு சொல்லட்டும், அப்புறம் போடு. நிக்கலேன்னா எட்த்துக்கினு போ லாரிய!"

போன தடவை புழுதியைக் காட்டிய தேங்காய்தானே என்று நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. லாரிக்காரர் மத்தியானம் வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஊர் போய்விடுவேன் என்றார். போனால் போனதுதான், எங்கள் தெருவுக்கு மறுபடி போர் கிடையாது.

யாரோ ஒரு தேங்காயைக் கொண்டுவந்து நைனா கையில் கொடுத்தார்கள். அவர் உள்ளங்கையில் அதைப் படுக்க வைத்தார். கண்ணை மூடினார். வட்டத்துக்குள் போய் நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தேங்காய்க்கு எதிராக ஊர்வலம் போனவள், நோட்டில் கோடு போட்டு எண்ணியவள், அது வெறும் கை நடுக்கம் என்று அக்கக்காக விளக்கியவள், கையைக் கூப்பிக்கொண்டு, ஆண்டவரே, அந்தத் தேங்காய் நிற்க வேண்டும் என்று ஜெபம் செய்தேன். நிஜமாகத்தான் செய்தேன். எனக்குப் பக்கத்தில், சங்கத்திலிருந்து வந்திருந்த தலைவரும் உதடு அசைத்துக்கொண்டிருந்தார்.

தேங்காய் அசையவே இல்லை. படுத்தது படுத்தபடி கிடந்தது.

நைனா மணிக்கட்டை லேசாகச் சாய்த்தால் போதும். நின்றுவிடும். தெருவுக்குத் தண்ணீர், அவருக்குப் பேர், எனக்கும் நிம்மதி. நைனா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார்.

"நிக்கல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. கூட்டம் சலசலக்க ஆரம்பிப்பதற்குள் இன்னும் சத்தமாகச் சொன்னார்: "நிக்கலேன்னா இன்னா? போன தபா நின்னுது, புழுதி வந்துது. என் நோட்ட எண்ணிப் பாத்துட்டோம். பாதி தபா பொய் சொல்லிக்குது இது. வெக்காதவனுக்கும் அத்தே தண்ணிதான் வந்துகீது. எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாரி இத்தினி வருசம் சொல்லிக்கினு இருந்துட்டேன், மன்னிச்சிக்கோங்கோ. அவரு மிஷினு சொல்ற எடத்துல போடுங்கோ."

நைனா லாரியிடம் போய், பூஜைக்கு என்று அந்தத் தேங்காயை முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லில் ஓங்கி உடைத்தார். உடைந்த தேங்காயை வைத்து யார் என்ன பார்க்க முடியும்? டிரைவர் மிஷினைக் கிளப்பிவிட்டார்.

சாயங்காலம்வரை புழுதி. ஜியாலஜிஸ்ட் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வெயில் தாழ்ந்த நேரத்தில் புழுதி சேறாயிற்று, சேறு கலங்கலாயிற்று, பிறகு தண்ணீர் பீச்சி அடித்தது. தெருவே நனைந்து கூத்தாடியது. கீர்த்தனை அக்காமார் புடவையோடு நனைந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் மளிகைக்கடைக்காரர் குரல் தெளிவாகக் கேட்டது: "பாத்தீங்களா? காம்பவுண்டர் கையால தேங்கா ஒடச்சாரு, தண்ணி வந்துடுச்சு! அவருக்கே ஓட்டு!"

நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். இந்த ஜனங்களுக்கு நூறு ஊர்வலம் போனாலும் புத்தி வராது என்று கத்தினேன். நைனா காது கொடுக்காமல் நோட்டை எடுத்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு. நிற்கவில்லை. வந்தது. கூப்பிட்டவர் என்ற கட்டத்தில், சைன்ஸ் டீச்சர் என்று எழுதியிருந்தார். ஓரத்தில் தப்பு என்று ஒரு சிவப்புக் கோடும் போட்டார்.

"தப்பு ஏன் நைனா? நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னது செரி. தேங்கா சொன்னது தப்பு. நோட்டு தேங்காவோடதுதானே?" நோட்டை மூடினார். பிறகு, ஏதோ மாத்திரையின் பேரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்: "எண்ணின நாள்லேர்ந்து அது நிக்க மாட்டேங்குதும்மா. சபைத் தோட்டத்துல, தண்ணி இருக்கிற கெணத்து ஓரத்துலயே வெச்சிப் பாத்தேன். படுத்துக்கினே கீது."

நான் சொன்னதெல்லாம் சரி. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் ஒரு மனிதன் தனியாகத் தோட்டத்துக்குப் போய், யாரும் பார்க்காமல், ஒரு தேங்காயை நிற்க வைக்கப் பார்த்திருக்கிறான். அந்த மனிதன் என் நைனா. அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் தேங்காயைக் கையில் வைக்கவில்லை. கூப்பிட வந்தவர்களுக்கு ஜியாலஜிஸ்ட் அட்ரஸை எழுதிக் கொடுத்துத் திருப்பதிக்கு அனுப்பினார். கோடை முடிவதற்குள் வீட்டில் சட்னிக்கு வழியில்லாமல் போயிற்று. என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேங்காய் வாங்க அந்த மளிகைக்கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உங்க வூட்டுக்குத் தேங்காவா! எதுக்கும்மா, தண்ணி பாக்கவா, ஊர்வலத்துக்கா?"

"சட்னிக்கு" என்றேன். அவர் காதில் விழ இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.